பின் டயரும் மணிக்கணக்கும்

இருபது வருடம் உழைத்த, ஏறத்தாழ 35 குதிரைத்திறன் கொண்ட டிராக்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாஸ்ஸி 1035, மஹிந்திரா 265, ஸ்வராஜ் 735 என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் ஓடும் பின்சக்கர இழுவை வண்டிகளில் ஏதாவது ஒன்று. எஞ்சின் நன்றாக இருக்கிறது, ஹைட்ராலிக் தூக்குகிறது, பின் டயரில்தான் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு, தேய்ந்து சுண்டுவிரல் தடிமன்கூட மிச்சமில்லை. டயர் கடையில் பேச்சு மூன்று கேள்விகளைச் சுற்றியே நடக்கும்: எந்தக் கம்பெனி, எத்தனை பிளை, என்ன விலை. மூன்றும் தேவையான கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கு முன்னால் வரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த வண்டி வருடத்தில் ஓடும் மணி நேரத்தில் சேற்றில் எவ்வளவு, காய்ந்த நிலத்தில் எவ்வளவு, தார்ச்சாலையில் எவ்வளவு? வாடகைக்கு உழுபவர்கள் மணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவதால், இந்தக் கணக்கு அவர்கள் நோட்டிலேயே இருக்கும். பட்டன் உயரம், அளவு, பிளை, காற்று ஆகிய நான்கையும் முடிவு செய்யவேண்டியது அந்த நோட்டுதான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

காரணம் மண்ணில் இருக்கிறது. டிராக்டர் கலப்பையை இழுக்கும்போது டயர் மண்ணைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மண் அறுபடாமல் தாங்கும் வரை வண்டி முன்னே போகும். மண் அறுந்துவிட்டால் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். ஆக, இழுவையின் உச்ச எல்லை மண்ணின் அறுபடாத வலிமை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் இந்த வலிமையை இரண்டு பங்காகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, மண் துகள்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளும் பசைப்பிடிப்பு. மற்றொன்று, மேலிருந்து அழுத்துவதால் துகள்களுக்கிடையே பிறக்கும் உராய்வு. பசைப்பிடிப்பின் பலன் டயர் எவ்வளவு பரப்பில் பதிகிறது என்பதைப் பொறுத்தது. உராய்வின் பலன் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நிலவில் ஓடிய ஊர்தியின் சக்கர வடிவமைப்பில் பங்குகொண்ட பெக்கர், தரையூர்திகளைப் பற்றிய தம் ஆய்வுகளைக் கட்டியெழுப்பியதும் இந்த அடித்தளத்தின்மேல்தான்.

இதை நம் வண்டிக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் சுமார் 1,800 கிலோ எடையில் பின்சக்கரங்களின்மேல் 1,150 கிலோ நிற்கிறது என்று கொள்வோம். மென்மையான தரையில் இரண்டு பின் டயரும் சேர்ந்து ஏறத்தாழ கால் சதுர மீட்டர் பரப்பில் பதிகின்றன. மணற்பாங்கான செம்மண்ணில் பசைப்பிடிப்பு அநேகமாக இல்லை. உராய்வுக் கோணம் 30 டிகிரி என்றால், எடையில் 0.58 பங்கு, அதாவது 670 கிலோ அளவுக்கு மண் தாங்கும். டயரை அகலமாக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. அதே வண்டியை நீர் நின்ற களிமண்ணில் இறக்குங்கள். அங்கே உராய்வு கிட்டத்தட்ட செத்துப்போகிறது. துகள்களுக்கிடையில் இருக்கும் நீரே எடையைத் தாங்கிக்கொள்கிறது. பசைப்பிடிப்பு சதுர மீட்டருக்கு 1,000 கிலோ என்று தாராளமாக வைத்தாலும், கால் சதுர மீட்டருக்குக் கிடைப்பது 250 கிலோதான். அதிலும் டயர் புதைந்து சேற்றைத் தள்ளிக்கொண்டு போவதற்கே ஒரு பகுதி செலவாகிவிடும். இப்போது இரு டயரிலும் தலா 150 லிட்டர் தண்ணீர் ஏற்றி எடையை 300 கிலோ கூட்டினால், செம்மண்ணில் இழுவை 170 கிலோவுக்கு மேல் கூடும். களிச்சேற்றில் கூடுவது ஒன்றுமில்லை. வண்டி இன்னும் ஆழமாகப் புதையும். ஒரே டயர், ஒரே வண்டி. செம்மண்காரருக்கு மருந்தாக இருப்பது நஞ்சைக்காரருக்கு நோயாகிறது. அதனால்தான் ‘எது நல்ல டயர்’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடிவதில்லை.

டயருக்குள் எடையைத் தாங்குவது ரப்பரோ நூலோ அல்ல, காற்று. 1930-களின் தொடக்கம் வரை டிராக்டர்கள் பெரும்பாலும் முள் பதித்த இரும்புச் சக்கரத்தில்தான் ஓடின. 1932-இல் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் ஃபயர்ஸ்டோனோடு சேர்ந்து தன் ‘மாடல் யூ’ டிராக்டரில் காற்று டயரைக் கொண்டுவந்தபோது கண்டது இதைத்தான்: லாரி டயர் போல இறுகக் காற்றடைத்தால் வயலில் பயனில்லை, விமான டயரைப் போல் அகலமாக, குறைந்த காற்றில், தரையோடு தழைந்து உட்கார்ந்தால்தான் பிடிப்பு வருகிறது. மண்ணின்மேல் டயர் தரும் அழுத்தம், உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தோடு டயர் உடம்பின் விறைப்பும் சேர்ந்த அளவுதான். காற்றைக் குறைத்தால் பதியும் பரப்பு கூடும், களிமண்ணில் பிடிப்பு கூடும், மேல்மண் இறுகுவது குறையும். வயல் வேலைக்குப் பொதுவாக 12 முதல் 16 பி.எஸ்.ஐ. போதும் என்று சொல்வது இதனால்தான். சாலையில் லோடு இழுக்கும்போது 20-க்கு மேல் வேண்டியிருக்கும். டயரின் அளவுக்கும் எடைக்கும் உரிய சரியான எண்ணைத் தயாரிப்பாளரின் அட்டவணை சொல்லும். நம் ஊரில் நடப்பதோ, சாலைக்கு அடைத்த காற்றோடேயே வயலிலும் இறங்குவது. பட்டன் உயரத்துக்காகச் செலவழித்த பணத்தில் பாதி அந்த அதிகக் காற்றில் வீணாகிறது.

அப்படியானால் பிளை எதற்கு? அதிகப் பிளை உள்ள டயர் அதிக வலுவானது, ஆகவே நல்லது என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பருத்தித்துணியில் அடுக்கு செய்த காலத்தில் அந்த எண் உண்மையான அடுக்கு எண்ணிக்கை. இன்று நைலான் நூலில் செய்யும் டயரில் அது வலிமையைக் குறிக்கும் ஒரு குறியீடு மட்டுமே. 12 பிளை என்று போட்டிருந்தாலும் உள்ளே 12 அடுக்கு இருக்கவேண்டியதில்லை. ஒரே அளவில் 8 பிளை டயரும் 12 பிளை டயரும் 14 பி.எஸ்.ஐ. காற்றில் தாங்கும் எடை ஏறத்தாழ ஒன்றுதான். 12 பிளை டயரில் இன்னும் அதிகக் காற்றடைக்கலாம், அப்போது அதிக எடை தாங்கும், வித்தியாசம் அவ்வளவே. வயலில் அந்த விறைப்பு பதிவைக் குறைக்கவே செய்யும். இதற்கு இரண்டு நியாயமான மறுப்புகள் உண்டு. செங்கல், கரும்பு, மணல் என்று ஒற்றை அச்சு டிப்பரில் லோடு அடிக்கும் வண்டியில், டிப்பரின் முன்பாரம் கொக்கி வழியாகப் பின் டயரின்மேல் வந்து உட்காருகிறது. அதைத் தாங்க அதிகக் காற்றும், அந்தக் காற்றைத் தாங்க அதிகப் பிளையும் வேண்டும். சீமைக் கருவேலம் மண்டிய கரம்பில் உழுபவருக்கும் தடித்த உடம்பு முள்ளிலிருந்து ஓரளவு காப்பு தரும். இந்த இரண்டில் எதுவும் இல்லாதவர் கூடுதல் பிளைக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

அடுத்தது பட்டன். நிலத்தில் ஓட்டும் டயர்களில் நமக்கு வேண்டியவை இரண்டு வகை: பொது வேலைக்கான ஆர்-1, நெல், கரும்புச் சேற்றுக்கான ஆர்-2. ஆர்-2 பட்டன் உயரம் ஆர்-1-ஐப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. உயரமான பட்டன் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் அது எங்கே தேவை என்பது தெரியும். வருடக்கணக்காகத் தொளி அடித்த வயலில், கலங்கிய சேற்றுக்கு அடியில் இறுகிய தளம் ஒன்று உருவாகியிருக்கும். நடவு வயலில் தண்ணீர் நிற்பதே அந்தத் தளத்தால்தான். சேற்றில் பிடிப்பு இல்லை, அடியில் இருக்கும் தளத்தில் உண்டு. நீண்ட பட்டன் அந்தத் தளத்தை எட்டிப் பிடிக்கிறது. ஆனால் நம் ஊரில் இந்த வேலையைச் செய்ய வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது, கேஜ் வீல். டெல்டாவில் தொளி அடிக்கும் வண்டிகளில் டயருக்கு வெளிப்புறம் இரும்புக் கூண்டைப் பூட்டிவிடுகிறார்கள். கூண்டின் தகடுகள் சேற்றில் பரப்பையும் தருகின்றன, அடித்தளத்தையும் தொடுகின்றன. கேஜ் வீல் வைத்திருப்பவர் ஆர்-2 வாங்கினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுக்கிறார். மீதி நாளெல்லாம் அந்த உயரமான பட்டன் தார்ச்சாலையில் ஒவ்வொன்றாக வளைந்து, உரசி, சூடாகி, மூக்குப் பக்கம் முதலில் தேய்ந்து போகிறது. வருடம் முழுக்கச் சேற்றிலேயே நிற்கும் வண்டிக்குத்தான் ஆர்-2 பொருத்தம். அப்படிப்பட்ட வண்டி மிகக் குறைவு.

தேய்ந்த பட்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காய்ந்த, உறுதியான நிலத்தில் பாதி தேய்ந்த டயர் கிட்டத்தட்டப் புது டயரைப் போலவே இழுக்கும். தார்ச்சாலையில் அது புதியதைவிட எளிதாகவே உருளும். ஈரம் வந்தால்தான் குட்டு வெளிப்படும். பட்டன் இடுக்குகளில் சேறு அடைத்துக்கொண்டு டயர் ஒரு வழுவழுப்பான உருளையாகிவிடும். ஆகவே மாற்றவேண்டிய நேரத்தையும் நோட்டே சொல்கிறது. புஞ்சையும் சாலையும் மட்டும் ஓடும் வண்டி இன்னும் ஒரு வருடம் தாக்குப்பிடிக்கலாம். நஞ்சையில் இறங்கும் வண்டிக்கு மழைக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

கடந்த சில பத்தாண்டுகளில் நம் வயல்களில் வந்த பெரிய மாற்றம் ரோட்டவேட்டர். இது டயர்க் கணக்கையே புரட்டிப்போடுகிறது. கொக்கிக் கலப்பையும் சட்டிக் கலப்பையும் எஞ்சினின் சக்தியை டயர் வழியாகத்தான் வாங்குகின்றன. ரோட்டவேட்டர் அதை, வண்டியின் பின்னால் எஞ்சினால் சுற்றும் பி.டி.ஓ. தண்டு வழியாக நேராக வாங்கிக்கொள்கிறது. அதன் கத்திகள் சக்கரம் சுற்றும் திசையிலேயே சுற்றி மண்ணை வெட்டுவதால், வண்டியைச் சற்று முன்னே தள்ளவும் செய்கின்றன. இந்த வேலைக்கு இழுவை மிகக் கொஞ்சம் போதும். உயரமான பட்டன் வேண்டாம், டயரில் தண்ணீரும் வேண்டாம். ஆனாலும் சட்டிக் கலப்பை ஓட்டிய காலத்தில் ஏற்றிய தண்ணீர் பல வண்டிகளில் இன்னும் இறங்கவில்லை. அதன் விலையை மண் கொடுக்கிறது. ஜெர்மானிய மண் ஆய்வாளர் ஸோனே 1950-களில் டயருக்கு அடியில் அழுத்தம் எப்படிப் பரவுகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். மேல்மண் இறுகுவதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காற்றழுத்தம். ஆழத்து மண் இறுகுவதைத் தீர்மானிப்பது சக்கரத்தின்மேல் உள்ள மொத்த எடை. மேல்மண் இறுக்கத்தை அடுத்த உழவு நெகிழ்த்திவிடும். கலப்பை எட்டாத ஆழத்தில் இறுகியது இறுகியதுதான். நிலக்கடலை, பருத்தி வேர்கள் அங்கே போய் முட்டி நிற்கும். நஞ்சைக்கு அந்தத் தளம் பயன். புஞ்சைக்கு அது கேடு. தேவையில்லாத 300 கிலோவைச் சுமந்து திரியும் வண்டி டீசலை மட்டும் வீணடிப்பதில்லை.

பெரிய டயர் போட்டால் என்ன என்ற கேள்வி அடிக்கடி எழும். ஒரு படி பெரியது போடலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து, காரணம் ரிம். பழைய கையேடுகளில் 11-28 என்று இருப்பதுதான் இன்றைய 12.4-28, 12-28 என்பதுதான் 13.6-28. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். 12.4-க்கு உரிய ரிம் டபிள்யூ 11, அதாவது 11 அங்குல அகலம். 13.6-க்கு உரியது டபிள்யூ 12 என்றாலும் டபிள்யூ 11-லும் மாட்ட அனுமதி உண்டு. அதனால் பழைய ரிம்மிலேயே ஒரு படி ஏறலாம். காற்றின் கொள்ளளவு கூடும், அதே எடையைக் குறைந்த காற்றில் தாங்கும், களிமண்காரருக்கு உண்மையிலேயே பலன் உண்டு. 14.9-ஐ அந்த ரிம்மில் திணித்தால் டயரின் கால்கள் இரண்டும் நெருங்கி, முகம் பானை வயிறு போல் உப்பிவிடும். நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டுத் தேயும். ஓரப் பட்டன்கள் சும்மா நிற்கும். அகலமாக வாங்கி ஒடுக்கமாக ஓட்டுவதுபோல் ஆகிவிடும். 12.4-இலிருந்து 13.6-க்கு மாறும்போது விட்டமும் சுமார் 4 சதவீதம் கூடுவதையும் கணக்கில் வைக்கவேண்டும். ஒவ்வொரு கியரிலும் வண்டி அவ்வளவு வேகமாகப் போகும். அதே இழுவைக்கு அச்சும் கடைசிப் பற்சக்கரமும் அவ்வளவு கூடுதலாக முறுக்கப்படும், பிரேக்கின் பிடியும் அவ்வளவு குறையும். இருபது வருடப் பழைய வண்டி 4 சதவீதத்தைப் பொறுத்துக்கொள்ளும். நல்லவேளையாக இது பின்சக்கர இழுவை வண்டி. நான்கு சக்கர இழுவை வண்டியில் முன் டயருக்கும் பின் டயருக்கும் இடையே உள்ள விகிதம் குலைந்துவிடும் என்பதால், பின்னால் மட்டும் அளவு மாற்றவே கூடாது.

ரேடியல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 13.6 ஆர் 28 என்று நடுவில் ‘ஆர்’ இருந்தால் அது ரேடியல். நூல்கள் குறுக்கே நேராக ஓடுவதால் பக்கச்சுவர் நெகிழ்ந்து, பதிவு நீளமாகிறது. முகம் தட்டையாக உட்காருவதால் சாலையிலும் மெதுவாகத் தேய்கிறது. எல்லா மண்ணிலும் இது முன்னேற்றம்தான். ஆனால் அந்தப் பலன் குறைந்த காற்றில் ஓட்டுபவருக்கே கிடைக்கும். காற்றுமானி கையில் இல்லாதவர் ரேடியலுக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை. முள்ளும் கட்டைத் தாளும் நிறைந்த நிலத்தில் அதன் மெல்லிய பக்கச்சுவர் கிழிபட வாய்ப்பும் அதிகம்.

செலவைக் குறைக்க இரண்டு வழிகளை மக்கள் நாடுகிறார்கள். முதலாவது, மிகவும் மோசமான ஒன்றை மட்டும் மாற்றுவது. இதில் மிச்சமாகும் பணத்தைவிட இழப்பே பெரிது. டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையைத்தான் பகிர்ந்து கொடுக்கும். ஒரு பக்கம் வழுக்கத் தொடங்கினால் மறுபக்கத்துக்கும் அந்த அளவுக்கு மேல் போகாது. ஆகவே வண்டியின் மொத்த இழுவை, பலவீனமான டயரின் பிடிப்பைப்போல் இரண்டு மடங்கு மட்டுமே. பக்கத்தில் மாட்டிய புது டயர் அதைக் கூட்டிவிட முடியாது. மேலும் புதுப் பட்டனுக்கும் தேய்ந்த பட்டனுக்கும் 25 மி.மீ. உயர வித்தியாசம் இருந்தால், 650 மி.மீ. ஆரத்தில் அது ஏறக்குறைய 4 சதவீதம். நேர்ச்சாலையில் போகும்போதுகூட டிஃபரன்ஷியலின் சிறு பற்சக்கரங்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். டிஃபரன்ஷியல் லாக் போட்டு ஓட்டினால் அந்த வித்தியாசம் முழுவதும் அச்சில் முறுக்காக ஏறும். பழைய வண்டியில் இதைத் தாங்கும் உயிர் மிச்சமில்லை. டயர் வாங்கினால் ஜோடியாக வாங்கவேண்டும்.

இரண்டாவது வழி ரீட்ரேடிங். இதை நான் குறை சொல்ல மாட்டேன். டிராக்டர் மெதுவாக ஓடுவதால் டயர் சூடாவது குறைவு. உடம்பு நன்றாக இருந்தால் ரீட்ரேட் செய்த டயர் நேர்மையாக உழைக்கும். கேள்வி அந்த உடம்பைப் பற்றியதுதான். காற்றில் உள்ள ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரின் மூலக்கூறுப் பிணைப்புகளை அறுக்கிறது. டயர் செய்யும்போது இதைத் தடுக்க மெழுகும் வேதிப்பொருள்களும் கலக்கிறார்கள். டயர் உருண்டு நெகிழும்போது அவை மெல்ல மேற்பரப்புக்கு வந்து படிகின்றன. ஓடாமல் வெயிலில் நிற்கும் வண்டியில் அந்தப் பூச்சு புதுப்பிக்கப்படாது. பட்டன் புதிதாக இருக்கும்போதே பக்கச்சுவர் வெடித்துவிடும். பழைய டயரின் காற்றை இறக்கி, பக்கச்சுவரைக் கையால் அழுத்தி மடக்கிப் பாருங்கள். வெடிப்பு மயிரிழையாக இருந்தால் கவலையில்லை. உள்ளே வெள்ளையாக நூல் தெரிந்தால், அல்லது ரிம்மில் உட்காரும் ஓரத்தின் கம்பி துருவேறியிருந்தால், அந்த டயருக்குப் புதுப் பட்டன் வைப்பது உளுத்த கட்டைக்கு வர்ணம் பூசுவது போலத்தான். புது டயரிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2323 என்றால் 2023-ஆம் வருடத்தின் 23-வது வாரத்தில் செய்தது. கடை வாசலில் நான்கு கோடை வெயில் கண்ட டயருக்குப் புது டயர் விலை கொடுக்க வேண்டியதில்லை.

மாட்டும்போது திசையைக் கவனிக்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் பட்டன்கள் கூரை முகடு போல் மேல்நோக்கிக் கூம்பி நிற்கவேண்டும். அப்போதுதான் கூர்முனை முதலில் தரையைத் தொட்டு, சேற்றை இரு பக்கமும் வெளியே தள்ளும். திருப்பி மாட்டினால் சேறு நடுவில் வந்து அடைத்துக்கொள்ளும். காற்றை 12 பி.எஸ்.ஐ.-க்குக் கொண்டுவந்தபின், டயரிலும் ரிம்மிலும் ஒரே நேர்கோட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு உழுங்கள். மாலையில் இரண்டு கோடும் விலகியிருந்தால் டயர் ரிம்மின்மேல் சுழல்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் டியூபின் வால்வு வேரோடு அறுந்து வரும். காற்றை ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. கூட்ட வேண்டும். அதே சாக்பீஸ் இன்னொரு வேலைக்கும் உதவும். கலப்பையைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரம் பத்துச் சுற்று சுற்றும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள், 40 மீட்டர் வருகிறது என்று வைப்போம். கலப்பையை இறக்கி உழுதுகொண்டே மறுபடி பத்துச் சுற்று. 34 மீட்டர் வந்தால் வழுக்கல் 15 சதவீதம். உழுத நிலத்தில் 10 முதல் 15 சதவீதம் வரை இருப்பது நல்ல நிலை. 20-ஐத் தாண்டினால் செம்மண்ணில் எடை போதவில்லை, களிமண்ணில் பரப்பு போதவில்லை. 7, 8-க்குக் கீழே இருந்தால் வண்டி தேவைக்கு மேல் எடையைச் சுமக்கிறது. டயரில் தண்ணீர் இருந்தால் வால்வைக் கீழே திருப்பி வைத்து அதை இறக்கிவிடலாம்.